ஜாக் கார்ன்வெல்லின் தாய்க்கு என்ன கொடுத்தார்கள்?



லண்டன் நகரத்தின் கிழக்குக் கோடியில் ஈஸ்ட் ஹாம் என்றொரு பகுதி. அங்கே ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஜாக் கார்ன்வெல். 1916-ம் ஆண்டு மே மாதம் 31-ந் தேதி, ஜட்லண்ட் கடற்போரில் ஒரு பீரங்கியின் பக்கத்தில் நின்று படுகாயமடைந்தான். ஜூன் 2-ந் தேதி ஆஸ்பத்திரியில் உயிர் விட்டான். அப்போது அவனுக்கு வயது பதினாறு.

அவன் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் அவன் ஊரில் ஒரு தெரு அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவன் நின்ற பீரங்கியை லண்டன் யுத்த மியூசியத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் வீரத்துக்குக் கொடுக்கும் மிகப் பெரிய பதக்கமான விக்டோரியா கிராஸ் அவனுக்கு அவன் இறந்த பிறகு அளிக்கப்பட்டது.

இந்தப் பையனைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்? “ஏகாதிபத்தியத்தின் சிப்பாய்தானே? அவனுக்காக நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும்?” என்று ஒருவர் கேட்கலாம். “மகா வீரன்! அவனைப் பற்றி ஆராய்ச்சி எதற்கு? வணங்கிவிட்டுப் போ!” என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டு பேச்சும் நமக்கு ஒவ்வாது. முதல் பேச்சு பையனை மறந்துவிடுகிறது. இரண்டாவது பேச்சு அவனைக் கொண்டுபோய்ப் பீரங்கி முன்னால் நிறுத்தியவர்களை மறக்கச் சொல்கிறது. நாம் இரண்டையும் மறக்கக் கூடாது.

அவன் யார்?

ஜாக் 1900-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி பிறந்தான். தகப்பனார் ஈலை கார்ன்வெல், முன்னாள் சிப்பாய். பட்டாளத்தை விட்டு வந்தபின் பால் ஊற்றினார், டிராம் வண்டி ஓட்டினார், கிடைத்த வேலையைச் செய்தார். வேலையைத் தேடி ஊர் ஊராக மாறும் குடும்பம். கடைசியில் ஈஸ்ட் ஹாமைச் சேர்ந்த மானர் பார்க்கில் ஒரு சிறு வீட்டில் குடியேறினார்கள்.

பையன் பள்ளிப் படிப்பை முடித்ததும் மேல்படிப்புக்குப் போகவில்லை, வேலைக்குப் போனான். ப்ரூக்பாண்ட் தேயிலைக் கம்பெனியின் வண்டியில் சாமான் எடுத்துக் கொடுக்கும் பையனாக இருந்தான். அந்நாளில் லண்டன் கடைகளில் விற்ற தேயிலையில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது. இலங்கை மலைத் தோட்டங்களில் அதைப் பறித்தவை தமிழ்நாட்டிலிருந்து பஞ்சம் பிழைக்கப்போன ஏழைகளின் கைகள். மலையில் பறித்த கையும் லண்டன் தெருவில் வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்த கையும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. ஆனால் இரண்டும் கூலிக்கு உழைத்த கைகள்.

1914-ம் ஆண்டு ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. காலனிகளுக்கும் சந்தைகளுக்கும் வல்லரசுகள் நடத்திய போட்டி அது. அதே வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதை நம் ஊர்ப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். இன்றும் பொல்லாத ஆளை ‘சரியான எம்டன்’ என்கிறோம். அந்த யுத்தம்தான் இது.

யுத்தம் தொடங்கியதும் ஈலை கார்ன்வெல் வயோதிகத்தையும் பாராமல் மறுபடி பட்டாளத்தில் சேர்ந்தார். 1915-ம் ஆண்டு அக்டோபரில், தகப்பனின் அனுமதி கேட்காமலே மகன் கடற்படையில் சேர்ந்தான். அப்போது அவனுக்குப் பதினாறு நிறையவில்லை. பள்ளித் தலைமை ஆசிரியரும் வேலை கொடுத்த முதலாளியும் நற்சான்றுக் கடிதம் கொடுத்தார்கள். அந்த வயதில் சேர்த்துக்கொள்வது கடற்படையின் சட்டப்படிதான் நடந்தது. பிரிட்டிஷ் கப்பல்களில் அந்நாளில் ‘பாய்’ என்ற பெயரில் ஒரு பதவியே இருந்தது. பெயரே சொல்லிவிடுகிறது, அவர்கள் யாரைச் சேர்த்தார்கள் என்பதை.

பீரங்கிப் பக்கத்தில்

பிளிமத் துறைமுகத்தில் சில மாதம் பயிற்சி. பீரங்கிக் குறி வைக்கும் வேலையை அவனுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். காதில் டெலிபோன் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மேலே இருக்கும் அதிகாரி எதிரிக் கப்பல் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்லுவார். அதற்கேற்றபடி குறிச் சக்கரத்தைத் திருகி வைக்க வேண்டும். பையன் தப்பாகத் திருகினால் குண்டு கடலில் விழும்.

அவனை ‘செஸ்டர்’ என்ற கப்பலில் ஏற்றினார்கள். கிரேக்க நாட்டுக்காகக் கட்டத் தொடங்கிய கப்பல் அது. பிரிட்டிஷ் கடற்படை அதை விலைக்கு எடுத்துக்கொண்டது. 1916-ம் ஆண்டு மே மாதம்தான் சேவையில் இறங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் கப்பலைப் போருக்குள் கொண்டு போய்விட்டார்கள். கப்பலும் புதிது, மாலுமிகளும் புதிது.

மே 31-ந் தேதி டென்மார்க் நாட்டுக்கு மேற்கே, வட கடலில், இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 250 கப்பல்கள் மோதின. மாலை ஐந்தரை மணிக்கு மேல் செஸ்டர் தனியாக முன்னே போய் வேவு பார்த்தபோது நான்கு ஜெர்மன் கப்பல்கள் அதைச் சூழ்ந்துகொண்டன. சில நிமிஷங்களில் பதினேழு, பதினெட்டுக் குண்டுகள் அதன்மேல் விழுந்தன.

ஜாக் நின்றது முன்தளத்துப் பீரங்கி. அவனோடு நின்றவர்கள் செத்தும் சாகக் கிடந்தும் விழுந்தார்கள். இரும்புச் சில்லுகள் பையனின் மார்பில் பாய்ந்திருந்தன. அவன் இடத்தை விட்டு நகரவில்லை. காதில் டெலிபோனோடு உத்தரவு வரும் என்று காத்து நின்றான். சண்டை ஓய்ந்து ஆட்கள் வந்து பார்த்தபோதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

கரைக்குக் கொண்டு வந்து கிரிம்ஸ்பி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தந்தி கிடைத்துத் தாய் புறப்பட்டார். அவர் வந்து சேருமுன் பையன் இறந்துபோனான்.

இந்தத் துணிவைக் கேலி செய்கிறவன் தொழிலாளியாக இருக்க முடியாது. கிணறு வெட்டும்போது மண் சரிந்தால் மேலே நிற்பவன் கயிற்றை விட்டு ஓடுகிறானா? பஞ்சுக் கிடங்கில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவனை விட்டுவிட்டு நாம் வெளியே வருகிறோமா? கூட நிற்பவனைக் கைவிடாமல் நிற்பது உழைப்பவர்களின் குணம். ஜாக்கும் அப்படித்தான் நின்றான். அந்தக் குணத்தை அவனுக்கு எந்தப் பிரபுவும் கற்றுக் கொடுக்கவில்லை. தொழிலாளி வீட்டில் பிறந்து, தொழிலாளித் தெருவில் வளர்ந்து பெற்ற குணம் அது.

காப்புத் தகடு

துணிவைப் பற்றி அதிகாரிகள் நிறையப் பேசினார்கள். அவர்கள் அவ்வளவாகப் பேசாத விஷயம் ஒன்று உண்டு.

செஸ்டர் கப்பலில் 29 பேர் மாண்டார்கள். 49 பேர் காயமடைந்தார்கள். காயமடைந்தவர்களில் பலர் கால்களை இழந்தார்கள். ஏன் கால்கள்? பீரங்கிக்கு முன்னால் ஒரு இரும்புத் தகடு உண்டு. பின்னால் நிற்பவர்களைக் காப்பாற்றுவதற்காக வைத்தது. அந்தத் தகடு தளம் வரை எட்டவில்லை. கீழே இடைவெளி இருந்தது. பின்புறம் முழுவதும் திறந்தே கிடந்தது. தளத்தில் குண்டு வெடித்தால் சில்லுகள் அந்த இடைவெளி வழியாகப் பாய்ந்து வந்து காலை அறுத்துக்கொண்டு போகும்.

ஆலைத் தோழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பல்சக்கரத்துக்கு மேல் மூடி போட்டிருப்பார்கள். மூடி பாதிதான் இருக்கும். மீதிப் பாதியில் விரல் போகும். விரல் போன பிறகு “தொழிலாளியின் கவனக்குறைவு” என்று ரிப்போர்ட் எழுதுவார்கள். கப்பலில் காலை இழந்தவனுக்கு “வீரன்” என்று எழுதினார்கள். சொல்தான் வேறு. தகடு எட்டவில்லை என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அதே நாளில் பிரிட்டிஷ் கடற்படையின் மூன்று பெரிய போர்க்கப்பல்கள் வெடித்துச் சிதறின. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ‘குவீன் மேரி’ என்ற கப்பலில் மட்டும் 1,266 பேர். மூன்றிலும் சேர்த்து உயிர் பிழைத்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. வேகமாகச் சுட வேண்டும் என்பதற்காக மருந்தறைக் கதவுகளைத் திறந்து வைத்ததும், வெடிமருந்தை முன்கூட்டியே வெளியே எடுத்துக் குவித்ததும் அந்த நாசத்துக்கு முக்கியக் காரணம் என்று சரித்திர ஆசிரியர்கள் பின்னர் எழுதினார்கள். அங்கே சுடும் வேகம். ஆலையில் உற்பத்தி வேகம். பாதுகாப்பை எடுத்து வைத்துவிட்டு வேகத்தைக் கூட்டினால் சாகிறவன் யார் என்பது நமக்குத் தெரியும்.

இரண்டு சவ அடக்கம்

பையனின் உடல் ஊருக்கு வந்தது. தனிக் குழிக்குக் குடும்பத்திடம் பணம் இல்லை. மானர் பார்க் இடுகாட்டில், ஏழைகளைச் சேர்த்துப் புதைக்கும் பொதுக் குழியில் அவனைப் புதைத்தார்கள். ராணுவ மரியாதை இல்லை, அதிகாரி இல்லை.

ஜூலை மாதம் கடற்படைத் தளபதி பீட்டியின் போர் அறிக்கை வெளியாயிற்று. அதில் அந்தப் பையனைப் புகழ்ந்திருந்தார். பத்திரிகைகள் தேடிக்கொண்டு போய்ப் பார்த்தன. வீரன் பொதுக் குழியில் கிடக்கிறான்! கூச்சல் கிளம்பியது. உடனே சர்க்கார் விழித்துக்கொண்டது. ஜூலை 29-ந் தேதி உடலைத் தோண்டி எடுத்து, பீரங்கி வண்டியில் வைத்து, முழு ராணுவ மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். பிரமுகர்கள் வந்தார்கள்; மலர் வளையங்கள் வந்தன; தெருவெல்லாம் ஜனங்கள்.

ஜூன் மாதத்தில் புதைத்ததும் அதே பையன்தான். ஜூலை மாதத்தில் புதைத்ததும் அதே பையன்தான். நடுவே என்ன மாறிற்று? யுத்தம் இரண்டாவது வருஷத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஜனவரியில்தான் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் போட்டிருந்தார்கள். ஜட்லண்டில் ஜெயித்தது நாங்களே என்று இரு சர்க்காரும் சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் மாலுமிகளின் வீடுகளில் அழுகுரல் கேட்டது. அந்த நேரத்தில் ஒரு வீரச் சிறுவன் தேவைப்பட்டான். கிடைத்தான்.

செப்டம்பர் 21-ந் தேதியைப் பள்ளிக்கூடங்களில் ‘ஜாக் கார்ன்வெல் தினம்’ என்று கொண்டாடினார்கள். ஏழைப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பென்னி கொண்டு வந்து கொடுத்தார்கள். திரட்டிய பணத்தை ஊனமுற்ற மாலுமிகளுக்கான விடுதியில் ஒரு பகுதி அமைக்க ஒதுக்கினார்கள். நல்ல காரியம்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் யுத்தத்தில் காலிழந்தவனைக் காப்பாற்ற வேண்டியது யுத்தம் நடத்திய சர்க்கார். அந்தக் கடமையைப் பள்ளிப் பிள்ளையின் பென்னியில் ஏன் ஏற்றினார்கள்?

ஓவியர் ஒருவர் பையனின் படத்தை வரைந்தார். இறந்தவன் வந்து நிற்க முடியாதே! அவன் சகோதரனை நிறுத்தி வைத்து வரைந்தார்கள்.

தாய்

இனி அந்தத் தாயின் கதைக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுதியதே அதற்காகத்தான்.

அக்டோபர் 25-ந் தேதி, பட்டாளத்தில் இருந்தபடியே ஈலை கார்ன்வெல் நோயால் இறந்தார். மகன் கிடந்த அதே குழியில் தகப்பனையும் வைத்தார்கள். மூன்று வாரம் கழித்து, நவம்பர் 16-ந் தேதி, பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் மகனின் பதக்கத்தைத் தாயின் கையில் கொடுத்தார். 1918-ம் ஆண்டு ஆகஸ்டில் அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை, ஜாக்கின் அண்ணன், பிரான்ஸ் போர்க்களத்தில் மாண்டான். ஒரு வீட்டில் மூன்று சாவு.

நாடெங்கும் அந்தப் பையன் பெயரில் பணம் குவிந்தது. தாய்க்கு வந்ததோ வாழ்க்கை நடத்தப் போதாத தொகை. அவர் லண்டனின் ஸ்டெப்னி பகுதியில் வாடகை அறைக்குக் குடிபோனார். மாலுமிகள் விடுதி ஒன்றில் வேலைக்குப் போனார். 1919-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி வறுமையிலேயே இறந்தார். வயது 48.

பதக்கம் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. அதைப் பெற்றுக்கொண்ட கை வேலை செய்து செய்து ஓய்ந்துபோயிற்று.

எதிர்ப் பக்கத்தில்

செஸ்டரைச் சுட்ட கப்பல்களில் இருந்தவர்கள் யார்? அவர்களும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான். செஸ்டரைத் தாக்கிய நான்கு கப்பல்களில் ஒன்று ‘வீஸ்பாடன்’. சற்று நேரத்தில் அதுவே பிரிட்டிஷ் குண்டுகளில் சிக்கி அசைய முடியாமல் நின்றது. இரவில் மூழ்கியது. 589 பேர் போனார்கள். பிழைத்தவர் ஒரே ஒருவர். கொதிகலனுக்குக் கரி தள்ளும் தொழிலாளி. ஜெர்மன் தரப்பில் மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஈஸ்ட் ஹாம் தாய் அழுத அதே நாட்களில் ஜெர்மன் ஊர்களிலும் தாய்மார்கள் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்கள்.

ஜெர்மன் மாலுமிகள் மெல்ல மெல்லக் கேட்கத் தொடங்கினார்கள்: மட்டமான சாப்பாடு எங்களுக்கு, விருந்து அதிகாரிகளுக்கு, இது யாருடைய யுத்தம்? 1917-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி மாக்ஸ் ரைக்பீட்ஷ், ஆல்பின் கோபிஸ் என்ற இரண்டு இளம் மாலுமிகளைச் சுட்டுக் கொன்றார்கள். கேள்வியைச் சுட முடியவில்லை. 1918-ம் ஆண்டு அக்டோபர் கடைசியில், யுத்தம் தோற்றுவிட்டது என்று தெரிந்தும் தளபதிகள் கடைசியாக ஒரு போருக்குப் புறப்படச் சொன்னார்கள். மாலுமிகள் மறுத்தார்கள். கொதிகலன் தொழிலாளிகள் தீயை அணைத்தார்கள். கீல் துறைமுகத்தில் கிளர்ச்சி மூண்டது. நவம்பர் 9-ந் தேதி கெய்சர் முடி துறந்தான். 11-ந் தேதி பீரங்கிகள் ஓய்ந்தன.

அந்தக் கடைசிப் போர் நடந்திருந்தால் இன்னும் எத்தனை ஜாக்குகள் இரு பக்கமும் செத்திருப்பார்கள்! அவர்களைக் காப்பாற்றியது எந்த மன்னனின் கருணையும் அல்ல. அடுப்பை அணைத்த தொழிலாளியின் கை. நின்று செத்தவனின் துணிவு பெரிது. “சாகவும் மாட்டோம், கொல்லவும் மாட்டோம்” என்று துப்பாக்கிக்கு முன்னால் சொன்னவனின் துணிவு அதற்குக் குறைந்தது அல்ல.

எப்படி நினைப்பது?

நம் நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் அந்த யுத்தத்தின் கல்வெட்டுகள் உண்டு. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் யுத்தத்துக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும். பெயர் இருக்காது. ஈஸ்ட் ஹாம் பையனுக்குப் பெயராவது கிடைத்தது; நம் ஊர் உழவன் மகனுக்கு அதுகூட இல்லை. இன்று அந்த ஈஸ்ட் ஹாமிலும் மானர் பார்க்கிலும் ஏராளமான தமிழர்கள் வாழ்கிறார்கள். அவர்களில் பலர் இலங்கையில் நடந்த யுத்தத்துக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்து வந்தவர்கள். அந்தத் தெருக்களில் நடக்கும் தாய்மார்களுக்கு ஜாக்கின் தாயைப் பற்றி யாரும் விளக்க வேண்டாம்.

யுத்தத்தில் செத்த ஏழைப் பையனை நாம் நினைக்க வேண்டும். பிரமுகர்களுக்குப் பின்னால் நின்று சல்யூட் அடித்துவிட்டு வருவது மட்டும் நினைப்பது ஆகாது. மூன்று கேள்விகளைக் கேட்டு நினைக்க வேண்டும். அவனை அந்த வயதில் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது யார், எதற்காக? அவனுக்குக் கொடுத்த காப்புத் தகடு தரை வரை எட்டியதா? அவன் தாய் இன்று என்ன சாப்பிடுகிறாள்?

இந்தக் கேள்விகளைக் கேட்பது செத்தவனுக்கு அவமரியாதை என்று சிலர் சொல்வார்கள். அவனைப் பொதுக் குழியில் போட்டதுதான் அவமரியாதை. தாயை வாடகை அறையில் சாகவிட்டதுதான் அவமரியாதை. கேள்வி கேட்பது அவனுக்கு நாம் செய்யும் மரியாதை.

நம் ஊருக்கு ஒரு சிப்பாய்ப் பிள்ளையின் உடல் தேசியக் கொடி போர்த்தி வரும்போது நாமும் போவோம். தலை குனிந்து நிற்போம். மாலை போடுவோம். எல்லாரும் கார் ஏறிப் போன பிறகு, நாம் மட்டும் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும். ஓய்வூதியம் வந்ததா, மனு எந்த ஆபீசில் கிடக்கிறது, தங்கை படிப்பு என்ன ஆகிறது என்று விசாரிக்க வேண்டும். அடுத்த மாதமும் போக வேண்டும். அடுத்த வருஷமும் போக வேண்டும். ஆலையில் கை இழந்தவன் வீட்டுக்கும், வயலில் பாம்பு கடித்துச் செத்தவன் வீட்டுக்கும் நாம் எப்படிப் போகிறோமோ அப்படிப் போக வேண்டும்.

ஜாக் கார்ன்வெல் கூட இருந்தவர்கள் விழுந்த பிறகும் இடத்தை விட்டு நகராமல் நின்றான். அவனைப் பெற்றவளின் பக்கத்தில் நிற்கத்தான் ஆள் இல்லாமல் போயிற்று. நம் ஊர்த் தாய்க்கு அந்தக் கதி வரவிடக் கூடாது. அது சங்கத்தின் வேலை. நம் ஒவ்வொருவரின் வேலை.